அக்கா ஒருத்திக்கான வலைத்தளம்

லிஃப்ட் பழுதுபார்க்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கட்டடத்தின் உச்சியில் மெஷின் ரூமில் நிற்பான். இன்னொருவன் லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருப்பான். உச்சியில் நிற்பவன் பட்டனைத் தப்பாக அழுத்தினால் மற்றவன் கதை முடிந்தது. அதனால் இந்த வேலையில் கூட்டாளியைச் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது. எனக்குப் பல வருடமாக ஒரே கூட்டாளிதான். அவன் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவன் 'பினிஷிங்'.

பெயர் வந்த காரணம் இதுதான். லிஃப்ட் ஓடிவிட்டது, கிளம்பலாம் என்று நான் கருவிப் பெட்டியை மூடும் நேரத்தில் அவன் ஸ்க்ரூக்களைத் திருப்பிக்கொண்டிருப்பான். பட்டன் பலகையில் உள்ள ஸ்க்ரூ தலைகளின் பிளவெல்லாம் ஒரே வாக்கில் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

"யாருடா இதையெல்லாம் பாக்கப் போறா?" என்று கேட்டால், "லிஃப்டுக்குள்ள நிக்கிறவனுக்கு வேற என்ன வேலை? இதைத்தான் பாத்துட்டு நிப்பான். பினிஷிங் வேணும்பா" என்பான்.

எனக்குப் பொறுமை குறைவு. கதவு திறக்கிறதா, மூடுகிறதா, கிளம்பு. இந்த விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவந்ததே இல்லை. ஆனாலும் சண்டை போட்டது கிடையாது, ஏனென்றால் அவன் சண்டை போடுகிற ஆளே இல்லை. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாயை விட்டான். அதுவும் விடக்கூடாத இடத்தில்.

அவனைத் தூக்கி வளர்த்தது அவன் அக்கா. அம்மா வேலைக்குப் போய்விடுவார். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். குளிப்பாட்டியது, அடித்தது, எழுதப் பழக்கியது எல்லாம் அக்காதான். பிறகு அக்கா பள்ளி ஆசிரியை ஆனார். அவர் கரும்பலகையில் எழுதினால் அடுத்த வகுப்புக்கு வருகிற ஆசிரியருக்கு அழிக்க மனம் வராதாம். இவன் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். "அழகா எழுதத் தெரியாதவன் எதையும் உருப்படியா செய்ய மாட்டான்" என்று அக்கா சின்ன வயதில் குட்டிக் குட்டிச் சொன்னது அவன் மண்டைக்குள் அப்படியே தங்கிவிட்டது. ஸ்க்ரூவைத் திருப்புகிற பைத்தியம் அங்கிருந்து வந்ததுதான் என்பது என் கணிப்பு.

அம்மாவுக்கு வயதாகித் தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது, தன்னோடு கூட்டிப்போகிறேன் என்றார் அக்கா. அப்போது அவர் கணவரை இழந்து மகளோடு இருந்தார். இவனுக்கு அம்மா தன் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசை. ஆசையை ஆசையாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். உறவுக்காரர்கள் நிறைந்த அறையில் எழுந்து நின்று, "சம்பளம் இல்லாம சமைச்சுப் போட ஆள் வேணும்னா நேரா சொல்லேன்க்கா" என்றான்.

அக்கா எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா இவனிடமே இருந்து, ஒரு வருடம் கழித்து இறந்தார். அன்றைக்கு வந்த எல்லாரிடமும் பேசிய அக்கா, இவன் கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அவர் ஊருக்கே போய்க் கதவைத் தட்டினான். அக்கா மகள் பாதிக் கதவைத் திறந்து, "அம்மா தூங்கறாங்க மாமா" என்றாள். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாம்.

அந்த ஒரு வாக்கியத்தை எப்படியாவது திரும்பப் பெற வேண்டும், அக்கா தன்னோடு பேச வேண்டும். அவன் வாழ்க்கையில் அதன் பிறகு இதைத் தவிர வேறு லட்சியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

வலைத்தளம் ஆரம்பித்தது அதற்காகத்தான். ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை செய்தபோது அங்கிருந்த ஒரு பெண், இலவசமாக எப்படி ஆரம்பிப்பது என்று போனிலேயே காட்டிக்கொடுத்தாள். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதிவிட்டான். முகவரியை அக்காவுக்கு மெசேஜில் அனுப்பினான். படித்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

"நேரா மன்னிப்பு கேட்டு ஒரு மெசேஜ் போட வேண்டியதுதானே?" என்றேன்.

"கேட்டா மன்னிச்சுட்டேன், மன்னிக்கலை, ரெண்டுல ஒன்னுதானேடா சொல்ல முடியும். இது அப்படி இல்லை. சும்மா வந்து பாத்துட்டுப் போகலாம். கதவைத் திறந்து வெச்சிருக்கேன், அவ்வளவுதான்."

முதலில் அந்தத் தளம் மின்கட்டண ரசீது மாதிரி இருந்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, மேலே தேதி. கண்டதையும் எழுதினான். லிஃப்டில் மாட்டிக்கொண்ட டாக்டரிடம் நோயாளி வெளியே நின்றபடியே வியாதியைச் சொல்லி, கதவிடுக்கு வழியாக மருந்துச் சீட்டு வாங்கிக்கொண்டு போனது. தன் மகள் நீச்சல் வகுப்பில் தண்ணீருக்குள் இறங்க மாட்டேன் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. மனைவிக்கு இடுப்பு வலி. என்னைப் பற்றியும் எழுதினான், எனக்குக் குறட்டை அதிகம் என்று. பொய். ஆனால் எல்லாமே நம்மோடு திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் விடாமல் எழுதினான்.

எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று தளத்துக்காரர்களே கணக்குக் காட்டுவார்கள். அக்கா இருக்கும் சின்ன ஊரிலிருந்து தினமும் காலையில் ஒருவர் வந்தார். அந்த ஊரில் இவனுக்கு வேறு யாரையும் தெரியாது. வந்தவர் சட்டென்று போகவும் இல்லை. மற்றவர்கள் ஒரு நிமிடத்தில் ஓடிவிடுகிற பக்கத்தில் அவர் கால்மணி நேரம், அரைமணி நேரம் இருந்தார்.

"பாத்தியா, எழுத்து எழுத்தா படிக்கிறா" என்று சாப்பாட்டு வேளையில் போனை என் மூக்குக்கு நேராக நீட்டுவான். தின்கிற சோற்றைவிட அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அவன் வயிறு நிறைந்தது. நல்ல நாட்கள் அவை. அப்படியே விட்டிருக்கலாம். அவனுக்கு அப்படியே விடத் தெரியாது.

ஒருநாள் வேறு யாருடைய தளத்தையோ பார்த்துவிட்டு வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அதெல்லாம் எப்படி இருக்கிறது, நம்முடையது எப்படி இருக்கிறது, அக்கா இதைப் பார்த்து என்ன நினைப்பாள், இன்னும் கோழிக் கிறுக்கல்தான் என்று நினைக்க மாட்டாளா. அன்றைக்குப் பிடித்தது சனி. முதலில் பின்னணி நிறம் மாறியது. பிறகு எழுத்தின் வடிவம், பிறகு தலைப்புப் படம். ஒருமுறை எதையோ மாற்றப் போய் இரண்டு நாளைக்குத் தளமே போனில் திறக்கவில்லை. கூண்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, "இளம்பச்சையா, சாம்பலா?" என்று கீழிருந்து கத்துவான். நான் மேலிருந்து, "கையை உள்ள வெச்சுக்கோ முதல்ல" என்று கத்துவேன்.

எழுதுவது குறைந்தது. தினம் என்று இருந்தது வாரம் ஆனது. கேட்டால், "முதல்ல வீட்டைச் சுத்தம் பண்றேன், அப்புறம் பேச்சு" என்பான். ஒருநாள் அவன் மனைவி என்னிடம், "அண்ணா, நீங்களாவது சொல்லுங்க. இவர்கூட ரெண்டு வார்த்தை பேசணும்னா நானும் ஒரு சைட் ஆரம்பிக்கணும் போல இருக்கு" என்றார். நான் சொன்னேன். செவிடன் காதில் சங்கு ஊதினது மாதிரி.

அப்புறம் அந்த யோசனை வந்தது. எழுத்தை அச்சில் போடாமல் கையாலேயே எழுதினால்? அதுவும் அக்காவின் கையெழுத்தில்? சின்ன வயதில் கரும்பலகையில் பார்த்த வடிவத்தை நினைவிலிருந்து எடுத்து, எழுதினால் அப்படியே திரையில் வருகிற ஒரு மின்பலகையும் பேனாவும் வாங்கிப் பழகினான். 'ழ'வின் வால் சரியாக வளைவதற்கே மாதக்கணக்கானது. கடைசியில் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகு என்றால் அப்படி ஒரு அழகு. எழுதியதைப் படமாக்கி ஏற்றினான். ஒவ்வொரு படத்தையும் ஏற்றும்போது கீழே ஒரு கட்டம் வந்து, இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்குமாம். படத்தில் இருப்பதுதான் படத்திலேயே இருக்கிறதே என்று அதைக் காலியாகவே விட்டான். பழைய பக்கங்கள் புதிய அழகோடு ஒட்டவில்லை. அசிங்கமாக இருக்கிறது என்று மொத்தமாக அழித்தான். அதைச் செய்த அன்றைக்கு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

"இதைப் பாத்தா அக்கா கண்டிப்பா பேசுவா" என்றான்.

அக்கா ஊர்க்காரர் மறுநாள் காலையில் வந்தார். வந்த வேகத்தில் போனார். அடுத்த நாளும் வந்தார், போனார். அரைமணி நேரம் இருந்தவர் அரை நிமிடம்கூட இருக்கவில்லை. ஒரு வாரம் இப்படி நடந்தது. இன்னும் சரியாக வரவில்லை போலிருக்கிறது, அக்கா கண் கொண்டு பார்க்கிற அளவுக்கு இல்லை என்று இவன் முடிவுகட்டினான். இன்னும் அழகாக எழுதினான். ஒரு பக்கத்தை முடிக்கப் பல வாரம் ஆனது. நீளமாக எழுதினால் படத்தில் அடங்காது என்று வரிகளை வெட்டினான். அக்கா ஊரிலிருந்து வருகை குறைந்து குறைந்து, பிறகு நின்றே போனது. அப்போதும் இவன் விடவில்லை. இரண்டு வருடம், வராத ஒருத்திக்காக 'ழ'வை வளைத்துக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதுடா. கடைசி வரைக்கும் பேச மாட்டா" என்று ஒருநாள் சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. ஸ்பேனரை எடுத்து நீட்டினேன்.

இந்த நிலைமையில்தான் அந்தப் போன் வந்தது. ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. நான் மெஷின் ரூமில், அவன் கூண்டின் மேல், லிஃப்ட் நடுவழியில் நிற்கிறது. கையில் கிரீஸ் என்பதால் போனை முழங்கையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டான். லிஃப்ட் குழிக்குள் பேசினால் குழாய்க்குள் பேசுவது மாதிரி மேலே வரும். ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்டது.

"மாமா, நான்தான். உங்க அக்கா மக. லீவுல ஊருக்கு வந்திருக்கேன்."

"கண்ணு, அம்மாவுக்கு ஒன்னும் இல்லையே?"

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. உங்ககிட்ட ஒன்னு கேக்கணும். உங்க சைட்ல எதுக்கு எல்லாத்தையும் படமா மாத்தினீங்க?"

"அது... அம்மா கையெழுத்து மாதிரி இருக்கட்டும்னு. ஏன், அம்மாவுக்குப் பிடிக்கலையா?"



"மாமா, அம்மாவுக்குக் கண்ணு தெரியாது."

நான் பட்டனிலிருந்து கையை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமா போயிடுச்சு மாமா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க, முக்கியமா உங்ககிட்ட. நான் வெளியூர் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அவங்க போனைப் பேசற மாதிரி பண்ணிக் கொடுத்தேன். எழுத்தா இருந்தா அதுவே படிச்சுக் காட்டும். காலையில எழுந்ததும் உங்க சைட்டைத்தான் கேப்பாங்க. ஒன்னையே ரெண்டு தடவை, மூணு தடவை கேப்பாங்க. படம்னா அதுக்குப் படிக்கத் தெரியாது. 'படம்'னு சொல்லும். அடுத்ததுக்கும் 'படம்'னு சொல்லும். பழசைத் தேடினா பழசும் இல்லை."

"அக்கா என்ன நெனச்சா?" என்று கேட்டான். 

"அவன் நிறுத்திட்டான், விடுன்னு மட்டும்தான் போன்ல என்கிட்ட சொன்னாங்க. இப்ப வந்து நானே திறந்து பாத்ததும்தான் எனக்கு விஷயம் புரிஞ்சுது. கேட்டா சொல்றாங்க, உங்களுக்கு எப்படியோ கண்ணு விஷயம் தெரிஞ்சு போச்சாம். தனக்குக் கேக்கக் கூடாதுன்னே மாத்திட்டீங்களாம். அன்னிக்கு நான் அவனுக்குக் கதவைத் திறக்கலை, இன்னிக்கு அவன் சாத்திட்டான்னு சொல்றாங்க. கொஞ்சம் கொஞ்சமா மனசு இறங்கிட்டு இருந்தாங்க மாமா."

போன் அணைந்த பிறகு கீழே அசைவே இல்லை. "டேய், இருக்கியா?" என்று கத்தினேன்.

"லிஃப்டை நிறுத்து."

"நின்னுட்டுத்தான் இருக்கு."

"அப்படியே இருக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து என்னைத் திட்டினார்கள். பெரிய கோளாறு, நேரமாகும் என்று வாய் கூசாமல் சொன்னேன். கூண்டின் மேல் உட்கார்ந்து அவன் அழுது முடிக்கிற வரைக்கும் ஆட்களெல்லாம் படியேறிப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊருக்குப் பஸ் ஏறினான். தனியாகப் போகப் பயம், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். வழி முழுக்கப் புலம்பல். பழசை அழித்திருக்கக் கூடாது. காலிக் கட்டத்தை நிரப்பியிருந்தால் போன் அதையாவது படித்துக் காட்டியிருக்கும். பார்க்க வருகிற ஆள் எப்படிப் பார்க்கிறார் என்று கேட்காமல் ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது. பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி இதையே திருப்பித் திருப்பி ஒப்பித்தான்.

"இதையெல்லாம் அக்காகிட்ட போய்ச் சொல்லிட்டு இருக்காதே. பாத்ததும் கால்ல விழு" என்றேன்.

அக்கா மகள் கதவை முழுசாகத் திறந்தாள். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். முகம் எங்கள் பக்கம் திரும்பியது, கண் மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"செருப்பை எங்கடா விட்டே? வழியில போடாதே, தடுக்கும்."

இவன் ஓடிப்போய்ச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, அன்னிக்கு அம்மா விஷயத்துல நான் பேசினது..."

"அதை விடு. நீ தினம் எழுதினதைக் கேட்டுக் கேட்டே அது போயிடுச்சு. நான்தான் வீம்பு பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன்." அவன் தலையில் கை வைத்துத் தடவிப் பார்த்தார். "முடியெல்லாம் எங்கடா?"

மூன்று பேரும் சிரித்தோம். இவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுகூட நினைத்தேன்.

"சரி, படி" என்றார் அக்கா.

"எதைக்கா?"

"படமா போட்டியே, அதை. நீ வேணும்னு பண்ணலைன்னு பொண்ணு சொன்னதிலேர்ந்து எனக்கு அதே யோசனைதான். ரெண்டு வருசமா என்னென்ன எழுதியிருப்பான், எவ்வளவு எழுதியிருப்பான்னு ராத்திரி தூக்கம் வரலை. முதல்ல இருந்து படி. ஒன்னையும் விடாதே." நாற்காலியில் நிமிர்ந்து, சாவகாசமாகச் சாய்ந்துகொண்டார். மகளைக் கூப்பிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் டீ போடச் சொன்னார்.

இவன் போனை எடுத்தான். முதல் படத்தைத் திறந்தான். படித்தான். மழை, நின்ற லிஃப்ட், ஜன்னலில் ஒரு புறா என்று நாலு வரி. அக்கா தலையாட்டிவிட்டு, மேலே வரும் என்று காத்திருந்தார்.

"அது முடிஞ்சுதுக்கா. அடுத்தது."

அடுத்தது மூன்று வரி. ஏதோ பழைய கட்டடத்தின் படிக்கட்டு. அதற்கடுத்தது இரண்டு. கண்ணால் பார்க்கும்போது சட்டம் போட்டு மாட்டலாம் போலத் தோன்றிய பக்கங்கள் வாயால் படிக்கும்போது ஒரு மூச்சுக்குக் காணவில்லை. அவன் வேகம் குறைத்துப் படித்தான். வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் படித்தான். அதற்கும் மேல் இழுக்க முடியவில்லை. சமையலறையில் இன்னும் தண்ணீர் கொதிக்கவில்லை, இவன் போனைக் கீழே வைத்துவிட்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"அவ்வளவுதான்க்கா."

"உன் பொண்ணு அப்புறம் தண்ணியில இறங்கினாளா? உன் பொண்டாட்டிக்கு இடுப்பு வலின்னு எழுதியிருந்தியே, டாக்டர்கிட்ட போனீங்களா?"

"அதெல்லாம் எழுதலைக்கா. அவளுக்கு ஆபரேஷனே ஆச்சு."

"ஆபரேஷனா?" அக்கா சாய்விலிருந்து நிமிர்ந்தார். "நல்லா இருக்காளா? ஏன்டா அதை எழுதலை? அந்தப் பழசையாவது எடு. அதையாவது இன்னொரு தடவை கேக்கறேன்."

"அழிச்சுட்டேன்க்கா. பாக்க நல்லா இல்லைன்னு."

"எல்லாத்தையுமா?"

இவன் தலையை ஆட்டினான். ஆட்டியது அவருக்குத் தெரியாது என்று நினைவு வந்து, "எல்லாத்தையும்" என்றான்.

அக்கா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபம் வரவில்லை. புரியாத கணக்கைக் குழந்தையிடம் கேட்பது மாதிரி, குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அப்ப இந்த ரெண்டு வருசமா நீ என்னதான்டா பண்ணிட்டு இருந்தே?"

"அழகு பண்ணிட்டு இருந்தேன்க்கா."

"யாருக்குடா?" என்றார் அக்கா.

உனக்குத்தான் என்பது உண்மை. அதைத் தவிர வேறு பதிலும் அவனிடம் கிடையாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் அதைச் சொல்ல முடியவில்லை.